அடி வாங்கும் தொழில் – தமிழ் சினிமாவின் சண்டைக் கலைஞர்களும் துணை நடிகர்களும்

ஒரு சண்டைக் காட்சி. இடம் மீன் மார்க்கெட், இல்லாவிட்டால் பாழடைந்த ஒரு ஃபேக்டரி. ஹீரோ ஒருவர், எதிரே பதினைந்து பேர். ஐந்து நிமிடத்தில் பதினைந்து பேரும் தரையில். தியேட்டரில் விசில் பறக்கிறது. வெளியே வந்ததும் ஹீரோ பெயர், வில்லன் பெயர், டைரக்டர் பெயர், கேமராமேன் பெயர் வரைக்கும் ரசிகர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதினைந்து பேரில் ஒருவர் பெயரைக் கேட்டால்? "அட, முகம் தெரியும்ப்பா, அந்தப் படத்துல கூட வருவாரே..." அவ்வளவுதான்.

அந்தப் பதினைந்து பேரின் கதைதான் இது. கூடவே கோர்ட் சீனில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுபவர், ஒரே ஒரு வசனம் பேசிவிட்டுப் போகும் ஏட்டய்யா எல்லோரும் வருவார்கள். சினிமா வரலாறு என்றால் பாகவதர், எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி, கமல் என்றே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அடி கொடுத்தவர்களின் வரலாறு அது. அடி வாங்கியவர்களின் வரலாறு தனியாக இருக்கிறது.

பயில்வான்கள் காலம்

தமிழ் சினிமாவில் உடம்பை மூலதனமாக வைத்து முதலில் பெயர் வாங்கியவர் என்றால் ராஜா சாண்டோவைச் சொல்லலாம். புதுக்கோட்டைக்காரர். இயற்பெயர் நாகலிங்கம். ஐரோப்பாவில் பிறந்து உலகம் முழுக்கச் சுற்றி உடற்பயிற்சியைப் பரப்பிய யூஜின் சாண்டோ என்ற பலசாலியின் பெயர் அந்தக் காலத்தில் இந்தியாவில் அவ்வளவு பிரபலம். உடம்பை முறுக்கேற்றியவர்கள் எல்லாம் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ 'சாண்டோ' போட்டுக்கொண்டார்கள். நாகலிங்கமும் ராஜா சாண்டோ ஆனார். 1920களில் பம்பாய்க்குப் போய் மௌனப் படங்களில் நடித்தார், பிறகு சென்னைக்கு வந்து படங்களை இயக்கினார். 1943இல் இறந்தார். தமிழக அரசு இவர் பெயரில் ஒரு விருதே வைத்திருக்கிறது.

பெண்களும் சும்மா இருக்கவில்லை. பம்பாயில் 1935இல் 'ஹன்டர்வாலி' வந்து நாடியா என்ற பெண் சாட்டையைச் சுழற்றிக்கொண்டு குதிரையில் பாய்ந்தபோது நாடே வாய் பிளந்தது. இரண்டே வருடத்தில், 1937இல், தமிழில் 'மின்னல் கொடி' வந்தது. கே. அமர்நாத் இயக்கம். ஆண் வேடத்தில் கொள்ளைக்காரியாக வந்து சண்டை போட்டவர் கே.டி. ருக்மணி. இன்றைக்கு 'ஆக்‌ஷன் ஹீரோயின்' என்று புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி விளம்பரம் செய்கிறார்கள். அது எண்பது வருடத்துக்கு முந்தைய சரக்கு!

அந்தக் காலத்துச் சண்டைக் கலைஞர்கள் எங்கிருந்து வந்தார்கள்? சிலம்பக் கூடம், குஸ்தி கோதா, நாடகக் கம்பெனி, கொஞ்சம் சர்க்கஸ். இவர்களில் ஒருவர்தான் கோயமுத்தூர் எம்.எம்.ஏ. சின்னப்பா. உடற்பயிற்சி செய்து 'சாண்டோ' பட்டத்தோடு சினிமாவில் சின்னச் சின்ன வேடங்களில் வந்துகொண்டிருந்தார். அதே ஸ்டுடியோ வட்டாரத்தில் இன்னொருவரும் சின்ன வேடங்களில் வந்துகொண்டிருந்தார். அவர் பெயர் எம்.ஜி. ராமச்சந்திரன்.

எம்.ஜி.ஆரின் முதல் படம் 'சதி லீலாவதி', 1936. அதில் அவருக்குச் சின்னதாக ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வேடம். கதாநாயகனாக நடித்த முதல் படம் 'ராஜகுமாரி', 1947. நடுவில் பதினோரு வருடம்! பிறகு முதலமைச்சர் ஆன ஒரு மனிதர் பதினோரு வருடம் துணை நடிகராக இருந்திருக்கிறார். 'ராஜகுமாரி'யில் அவரோடு மோதும் பலசாலி வேடத்துக்குத் தன் நண்பர் சின்னப்பாவையே போட வேண்டும் என்று எம்.ஜி.ஆர். பிடிவாதம் பிடித்ததாகச் சொல்வார்கள். சின்னப்பா தேவர் 1956இல் 'தாய்க்குப் பின் தாரம்' படத்தோடு தேவர் பிலிம்ஸ் தொடங்கி, எம்.ஜி.ஆரை வைத்து மட்டும் 16 படங்கள் எடுத்தார். அடி வாங்கியவர் முதலாளி ஆன கதை தமிழ் சினிமாவில் இந்த அளவுக்கு வேறு கிடையாது என்றே சொல்லலாம்.

அடி வாங்குபவருக்கு மட்டும்தான் அடிபடும் என்றும் இல்லை. 1959இல் சீர்காழியில் 'இன்பக்கனவு' நாடகம். குண்டுமணி என்ற கனத்த உடம்புக்காரரை எம்.ஜி.ஆர். தலைக்கு மேல் தூக்கிப் போட வேண்டும். தூக்கும்போது பிசகியது. எம்.ஜி.ஆருக்குக் கால் எலும்பு முறிந்தது. பல மாதம் படுக்கை. குண்டுமணி சினிமாவிலும் பல படங்களில் வந்தவர். ஆனால் அவரைப் பற்றி இன்றைக்குத் தேடினால் கிடைக்கும் ஒரே பெரிய செய்தி இந்த விபத்துதான். ஒரு துணை நடிகர் வரலாற்றில் இடம்பிடிக்க ஹீரோவின் கால் உடைய வேண்டியிருக்கிறது!

1950, 60களின் டைட்டில் கார்டுகளைக் கவனித்தால் ஸ்டண்ட் சோமு, ஆர்.என். நம்பியார், ஷ்யாம் சுந்தர் என்ற பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். (இந்த ஆர்.என். நம்பியார் சண்டைப் பயிற்சியாளர். வில்லன் எம்.என். நம்பியார் வேறு. இணையத்தில் இருவரையும் ஒருவராக்கிக் குழப்பியிருக்கிறார்கள்.) பெயருக்குப் பின்னால் 'குழுவினர்' என்று ஒரு சொல் வரும். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனையோ பேர் ஒளிந்திருக்கிறார்கள்.

குடியாத்தத்தில் இருந்து ஒரு மாஸ்டர்

கத்தியும் கம்பும் போய், ஜூடோவும் கராத்தேயும் வந்த காலத்தின் அடையாளம் ஜூடோ கே.கே. ரத்தினம். 1930இல் குடியாத்தத்தில் பிறந்தவர். 1959இல் 'தாமரைக்குளம்' படத்தில் நடிகராகத்தான் உள்ளே வந்தார். 1966இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'வல்லவன் ஒருவன்' அவரைச் சண்டைப் பயிற்சியாளர் ஆக்கியது. ஹீரோ ஜெய்சங்கர். அப்போது ஜேம்ஸ்பாண்ட் பாணி துப்பறியும் படங்களுக்கு நல்ல கிராக்கி. ராஜா வேஷம் இல்லை, வாள் இல்லை. பேண்ட் சட்டை போட்ட ஹீரோ, கையால் காலால் அடிக்க வேண்டும். அதற்கு வேறு மாதிரி ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஜூடோ தெரிந்தவருக்கு வேலை கிடைத்தது. தொழில் மாறும்போது யார் கையில் புதிய வித்தை இருக்கிறதோ அவர் பிழைத்துக்கொள்கிறார். இது எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும்.

அதன் பிறகு அவர் வேலை பார்த்த படங்கள் ஆயிரத்துக்கும் மேல். ரஜினி படங்கள் மட்டும் நாற்பதைத் தாண்டும். 'முரட்டுக்காளை' (1980) ரயில் சண்டையை டி.வி.யில் பார்க்காதவர்கள் குறைவு. ஓடும் ரயிலின் கூரை மேல் ஆட்கள் உருள்வார்கள், தொங்குவார்கள், விழுவார்கள். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் என்ற பேச்சே இல்லாத காலம். கீழே விழுந்தவர் உண்மையிலேயே விழுந்தார்.

ரத்தினத்தின் முக்கியமான சாதனை படங்களின் எண்ணிக்கை கிடையாது. அவரிடம் வேலை பார்த்தவர்கள் அடுத்த தலைமுறை மாஸ்டர்கள் ஆனார்கள். அவர்களிடம் வேலை பார்த்தவர்கள் அதற்கடுத்த தலைமுறை. இந்தத் தொழிலுக்குக் காலேஜ் கிடையாது, டிகிரி கிடையாது. அடி வாங்கி வாங்கித்தான் அடி சொல்லிக்கொடுக்கும் தகுதி வரும். ஃபைட்டர், பிறகு அசிஸ்டெண்ட், பிறகு மாஸ்டர். பீட்டர் ஹெயின் கனல் கண்ணனிடமும் விஜயனிடமும் வேலை பார்த்துவிட்டுத்தான் 2001இல் 'மின்னலே' மூலம் தனியாக வந்தார். சில இடங்களில் குடும்பத் தொழிலாகவும் போகிறது. சூப்பர் சுப்பராயனின் மகன்கள் திலிப் சுப்பராயனும் தினேஷ் சுப்பராயனும் இன்று மாஸ்டர்கள்.

2023 ஜனவரி 26 அன்று, தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில், குடியாத்தத்தில் ஜூடோ ரத்தினம் காலமானார். சென்னை வடபழனி ஸ்டண்ட் யூனியனில் அவர் உடலுக்கு ரஜினிகாந்த் வந்து அஞ்சலி செலுத்தினார்.

எப்படி விழுகிறார்கள்?

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் "எல்லாம் டூப்புதானே, எல்லாம் கிராபிக்ஸ்தானே" என்று சொல்பவர்கள் அதிகம்.

உயரத்திலிருந்து குதிக்கும் காட்சிக்குக் கீழே காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி, மேலே மெத்தை போடுவார்கள். பெட்டி நசுங்கும்போது விழும் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். கேட்க எளிது. விழுபவர் பெட்டிகளின் நடுவில் விழ வேண்டும், முதுகு முதலில் படும்படி விழ வேண்டும், கழுத்தை மடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு அடி தள்ளி விழுந்தால் தரை. முகத்தில் விழும் குத்து உண்மையில் முகத்தைத் தொடாது. கேமரா இருக்கும் கோணத்தில் பட்டது போலத் தெரியும். ஆனால் குத்து வாங்குபவர் சரியான நொடியில் தலையைத் திருப்பி உடம்பைத் தூக்கிப் போட வேண்டும். ஹீரோ அடிப்பது பாதி நடிப்பு, இவர் விழுவதுதான் மீதி நடிப்பு. ஹீரோவின் பலம் என்று ரசிகன் நினைப்பதை உருவாக்குபவர் விழுபவர்தான். அடி வாங்கத் தெரியாத ஆளோடு சண்டை போட்டால் எந்த சூப்பர் ஸ்டாரும் சாதாரண மனிதர்தான்.

1990களில் ரோப் வந்தது. இடுப்பில் பெல்ட் கட்டி, கம்பியில் தொங்கவிட்டு, கிரேன் அல்லது கப்பி வழியாக ஆட்கள் இழுப்பார்கள். பிறகு கம்பியைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம். கிராபிக்ஸ் வந்ததால் ஆபத்து குறைந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. கம்பியை அழிக்க முடிந்ததால்தான் ஆளை முன்னைவிட உயரமாகத் தூக்க முடிந்தது! 'அந்நியன்' (2005) சண்டையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்டில் கேமராக்களை வரிசையாக வைத்து எடுத்தார்கள். கேமரா எண்ணிக்கை ஏறியது, விழுபவனின் முதுகு அதே முதுகுதான்.

பெண்களுக்கு டூப் போடுவது இன்னும் ஒரு தனிக்கதை. பல படங்களில் சேலை கட்டி, விக் வைத்த ஆண்கள்தான் கதாநாயகிக்கு டூப். இந்தியில் 'ஷோலே' (1975) படத்தில் ஹேமமாலினிக்காகக் குதிரை வண்டி ஓட்டியவர் ரேஷ்மா பதான் என்ற பெண். அவர் கதை 2019இல் தனிப் படமாகவே வந்தது. தமிழில் இப்படி டூப் போட்ட பெண்களைப் பற்றி ஒரு படம் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு துணை நடிகையைச் சொல்லியாக வேண்டும். விருதுநகர் பக்கம் செந்நெல்குடியில் பிறந்த எஸ்.என். லட்சுமி. 'சந்திரலேகா' (1948) முரசு நடனத்தில் கூட்டத்தில் ஒருவராக ஆடியவர். 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷுக்கு அம்மா. பிறகு எத்தனையோ பேருக்கு அம்மா, பாட்டி. இவர் 'பாக்தாத் பேரழகி'யில் டூப் இல்லாமல் சிறுத்தையோடு சண்டை போட்டவர் என்றால் நம்ப முடிகிறதா? 2012இல் இறந்தார்.

கூட்டத்தில் இருந்து வெளியே வந்தவர்கள்

'நான் கடவுள்' (2009) வந்தபோது தாண்டவன் என்ற வில்லனைப் பார்த்து எல்லோரும் மிரண்டார்கள். யார் இந்த ஆள், எங்கிருந்து பிடித்தார் பாலா என்று கேட்டார்கள். அவர் எங்கிருந்தும் வரவில்லை. பல வருடமாக அதே திரையில்தான் இருந்தார், அடி வாங்கிக்கொண்டு. மொட்டை ராஜேந்திரன் அதற்கு முன் நூற்றுக்கணக்கான படங்களில் ஃபைட்டர். அவருடைய மொட்டைத் தலையும் தொழில் கொடுத்ததுதான். ஒரு மலையாளப் படத்துக்காகத் தண்ணீருக்குள் குதித்தார். அது ரசாயனக் கழிவு கலந்த தண்ணீர். அதன் பிறகு முடி கொட்டிவிட்டது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு விபத்தில் போன முடி, இன்னொரு இயக்குநர் கண்ணில் முகமாக மாறியது. அடுத்த வருடமே 'பாஸ் என்கிற பாஸ்கரன்' அவரைக் காமெடிக்குத் திருப்பியது.

பொன்னம்பலமும் ஸ்டண்டில் இருந்து வந்தவர். 'நாட்டாமை' (1994) வில்லன். 90களில் அவர் இல்லாத மசாலா படம் குறைவு. பிறகு சிறுநீரகக் கோளாறு வந்தபோது சிகிச்சைக்குச் சக நடிகர்களின் உதவி தேவைப்பட்டது. கமல், சிரஞ்சீவி உதவியதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். இத்தனை படங்களில் வில்லனாக நின்றவருக்கே இந்த நிலை என்றால், வில்லனுக்குப் பின்னால் நின்றவரின் நிலையை யோசித்துக்கொள்ளலாம்.

முத்துக்காளையை எல்லோருக்கும் தெரியும். வடிவேலுவைச் 'செத்து' விளையாடக் கூப்பிடுபவர். அவரும் சண்டைக் கலைஞராக வேண்டும் என்று கராத்தே கற்றுச் சென்னைக்கு வந்தவர்தான். காமெடி அவரை இழுத்துக்கொண்டது. அதைவிட ஆச்சரியம், நடித்துக்கொண்டே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, வரலாறு, தமிழ் என்று அடுத்தடுத்து மூன்று பட்டங்கள் வாங்கினார். மூன்றாவது பட்டம் வாங்கும்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அரியர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இன்னொரு பெயர்: விஜய் சேதுபதி. பி.காம். படித்துவிட்டு துபாயில் அக்கவுண்டன்ட் வேலை பார்த்தவர். திரும்பி வந்து கூத்துப்பட்டறையில் சேர்ந்ததும் கணக்கு எழுதும் வேலைக்குத்தான். 'புதுப்பேட்டை' (2006), 'வெண்ணிலா கபடி குழு' (2009), 'நான் மகான் அல்ல' (2010) படங்களில் உற்றுப் பார்த்தால் கூட்டத்தில் தெரிவார். 'தென்மேற்குப் பருவக்காற்று' (2010) வந்த பிறகுதான் முன்னால் வந்தார்.

இந்தக் கதைகளைப் படித்துவிட்டு "உழைத்தால் உயரலாம்" என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் நமக்குத் தெரிவது வெளியே வந்தவர்களின் கதை மட்டும்தான். வராதவர்களின் கதையை யார் எழுதினார்கள்? ஒருவர் எழுதினார். ஜெமினி ஸ்டுடியோவில் பல வருடம் வேலை பார்த்த அசோகமித்திரன். அவருடைய 'புலிக்கலைஞன்' சிறுகதையைப் படிக்காதவர்கள் தேடிப் படிக்கவும். சினிமா கம்பெனிக்கு வேலை கேட்டு வரும் ஒருவன், புலி வேஷம் போட்டு அலுவலகத்தில் இருப்பவர்களை உறைய வைத்துவிட்டுப் போகிறான். பிறகு அவனுக்கு வாய்ப்பு வருகிறது. கடிதம் போடுகிறார்கள். கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. ஆள் இல்லை.

ஆடம் ஸ்மித்தும் வடபழனியும்

ஆபத்தான வேலைக்குக் கூலி அதிகமாக இருக்க வேண்டும் அல்லவா? ஆடம் ஸ்மித் 1776லேயே 'நாடுகளின் செல்வம்' நூலில் இதைப் பேசியிருக்கிறார். ஒரு தொழிலுக்கும் இன்னொரு தொழிலுக்கும் கூலி ஏன் வேறுபடுகிறது என்பதற்கு ஐந்து காரணங்கள் சொல்கிறார்: வேலை எவ்வளவு கஷ்டம் அல்லது கேவலம், கற்றுக்கொள்ள எவ்வளவு செலவு, வேலை தொடர்ந்து கிடைக்குமா, எவ்வளவு நம்பிக்கை வைத்து ஒப்படைக்கிறார்கள், ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு.

சண்டைக் கலைஞருக்குப் பொருத்திப் பார்த்தால் ஐந்தும் அதிகக் கூலியைத்தான் சொல்கின்றன. வேலை கஷ்டம், கற்க வருடங்கள் ஆகும், ஷூட்டிங் இருந்தால்தான் சம்பளம், ஹீரோவின் பாதுகாப்பே இவர் கையில், ஜெயிப்பவர் நூற்றில் ஒருவர். ஆனாலும் நடைமுறையில் இவருக்குக் கிடைப்பது கால்ஷீட் கணக்கில் சம்பளம், பேட்டா, ஆபத்தான ஷாட்டுக்குத் தனியாக ஒரு தொகை. ஏன் அதற்கு மேல் போகவில்லை? அதற்கும் ஸ்மித்திடமே பதில் இருக்கிறது. இளைஞர்கள் தங்கள் அதிர்ஷ்டத்தை எப்போதும் கூடுதலாகவே மதிப்பிடுவார்கள், ஆபத்தைக் குறைவாக எடைபோடுவார்கள், அதனால்தான் லாட்டரிச் சீட்டு விற்கிறது, பட்டாளத்துக்கு ஆள் கிடைக்கிறது என்கிறார். கோடம்பாக்கத்துக்கு ரயில் ஏறி வரும் கூட்டமும் அப்படித்தான். ஆள் வரத்து குறையாதவரை கூலி ஏறாது.

அந்த வரத்தை ஓரளவு கட்டுப்படுத்தியது சங்கம். திரைப்படத் தொழிலாளர்களைச் சங்கமாக்கும் முயற்சி 1950களில் ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ், இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் போன்றவர்களால் தொடங்கியது. பின்னால் பெப்சி என்ற கூட்டமைப்பு ஆனது. நடிகர் சங்கம் 1952இல் வந்தது. சண்டைக் கலைஞர்களின் யூனியன் 1960களின் பிற்பாதியில் பிறந்து 2017இல் பொன்விழா கொண்டாடியது. யூனியன் கார்டு இல்லாமல் பெரிய படத்தில் ஃபைட்டராக நிற்க முடியாது. இதனால் உள்ளே இருப்பவருக்குச் சம்பளத்தில் ஒரு பிடிமானம். வெளியே இருப்பவருக்கு அது ஒரு சுவர். இரண்டையும் சொல்லத்தான் வேண்டும். துணை நடிகர்களின் நிலைமை இன்னும் தளர்வானது. அங்கே ஏஜெண்ட் ராஜ்ஜியம். "நாளைக்கு ஐம்பது பேர் வேணும், இருபது பேர் வேட்டி சட்டை" என்று போன் வரும். யாரைக் கூப்பிடுவது என்பது ஏஜெண்ட் கையில்.

1981இல் நாடாளுமன்றம் சினிமா தொழிலாளர்களுக்காகத் தனிச் சட்டங்கள் போட்டது. எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக் கூடாது, சேமநல நிதி ஒன்று வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. இந்தச் சட்டங்கள் 2020இல் நிறைவேறிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் சேர்க்கப்பட்டன. அவை 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன.

நெடுஞ்சாலை ஓரம்

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் வந்து, சென்னை நோக்கி நெடுஞ்சாலையில் போனால், பூந்தமல்லிக்கு முன்னால் செம்பரம்பாக்கம் பக்கம் ஈ.வி.பி. பிலிம் சிட்டி. ஷிப்டு பஸ்களில் தூங்கிக்கொண்டு போகும் கம்பெனித் தொழிலாளர்கள் தினமும் கடந்து போகும் இடம். 2020 பிப்ரவரி 19 இரவு அங்கே 'இந்தியன் 2' படப்பிடிப்புக்கு வேலை நடந்துகொண்டிருந்தபோது, கனமான விளக்கு பொருத்திய கிரேன் சரிந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் திரைக்குப் பின்னால் வேலை பார்த்தவர்கள்.

கிரேன் என்ற இயந்திரம் ஒன்றுதான். ஒரகடம் ஃபேக்டரிக்குள் அதை இயக்க வேண்டுமானால் சோதனைச் சான்று வேண்டும், கீழே ஆள் நிற்கக் கூடாது, ஹெல்மெட், ஷூ, வாசலில் "விபத்தில்லா நாட்கள்" என்று எண் எழுதிய போர்டு. தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு (2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு). காண்ட்ராக்ட் தொழிலாளிகளுக்கு இதெல்லாம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பது வேறு சண்டை. ஆனால் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது, நிரந்தரமான ஒரு கட்டடம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் இருக்கிறார். படப்பிடிப்புத் தளம் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் பிரித்துவிடுவார்கள். கம்பெனி ஒரு படத்துக்கு மட்டும். முதலாளி யார் என்பதே படத்துக்குப் படம் மாறும்.

2022 டிசம்பரில் வண்டலூர் பக்கத்தில் 'விடுதலை' படப்பிடிப்பில் ரோப் அறுந்து ஒரு சண்டைக் கலைஞர் இறந்தார். 2024 ஜூலையில் சாலிகிராமத்தில் 'சர்தார் 2' படப்பிடிப்பில் சுமார் இருபது அடி உயரத்தில் இருந்து விழுந்து இன்னொருவர். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் 'வேட்டுவம்' படத்துக்காகக் காரைப் பறக்கவிட்டுக் கவிழ்க்கும் காட்சியில் மோகன்ராஜ் இறந்தார். வயது 52. காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர். கார் ஸ்டண்டில் பல வருட அனுபவம் உள்ளவர். புதுப் பையன் தெரியாமல் செய்து மாட்டிக்கொண்டான் என்று சொல்ல முடியாது.

ஹீரோக்களும் தப்பவில்லை. மலையாள நடிகர் ஜெயன் 1980 நவம்பர் 16 அன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் 'கோளிளக்கம்' படத்துக்காக டூப் இல்லாமல் ஹெலிகாப்டரில் தொங்கி, விபத்தில் இறந்தார். கர்நாடகத்தில் 2016 நவம்பர் 7 அன்று 'மாஸ்தி குடி' படத்துக்காக ஹெலிகாப்டரில் இருந்து அணைக்குள் குதித்த மூவரில் ஹீரோ பிழைத்தார், மற்ற இரு நடிகர்கள் மூழ்கிப்போனார்கள். அந்த இருவரும் சண்டைக் காட்சிகளில் இருந்து வில்லன் வேடத்துக்கு முன்னேறிக்கொண்டிருந்தவர்கள்.

மோகன்ராஜ் இறந்த அந்த வாரத்தில் மும்பையிலிருந்து ஒரு செய்தி வந்தது. நடிகர் அக்‌ஷய் குமார் நாடு முழுவதும் சுமார் 650 சண்டைக் கலைஞர்களுக்கான காப்பீட்டுக்குப் பணம் கொடுத்துவருகிறார் என்று. நல்ல காரியம். ஆனால் ஒரு தொழிலின் பிரீமியத்தை ஒரு நடிகரின் நல்ல மனசு கட்டுவது என்பது எந்த பாடப்புத்தகத்திலும் காப்பீட்டு முறையாகச் சொல்லப்படவில்லை. டிக்கெட் விலையிலோ பட்ஜெட்டிலோ அது ஒரு செலவுத் தலைப்பாக வர வேண்டும். ஹீரோவின் கேரவனுக்குத் தலைப்பு இருக்கிறதே!

விருது

தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் சண்டைப் பயிற்சியாளருக்கு முன்பிருந்தே இடம் உண்டு. தேசிய விருதில் அந்தப் பிரிவு வர 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் விருது 'புலிமுருகன்' படத்துக்காக, காரைக்காலில் பிறந்த பீட்டர் ஹெயினுக்கு. பிறகு 'கே.ஜி.எஃப்.' முதல் பாகத்துக்காக விக்ரம் மோருடன் சேர்ந்தும், இரண்டாம் பாகத்துக்காகத் தனியாகவும் அன்பறிவ் சகோதரர்கள் வாங்கினார்கள். ஆஸ்கார் இன்னும் மெதுவாக வந்தது. 2027இல் வெளியாகும் படங்களில் இருந்து ஸ்டண்டுக்குத் தனி விருது உண்டு என்று 2025 ஏப்ரலில்தான் அறிவித்தார்கள். அந்த அறிவிப்புப் படத்தில் 'ஆர்.ஆர்.ஆர்.' காட்சியும் இருந்தது.

தேசிய விருதும் மாநில விருதும் காட்சியை வடிவமைத்த மாஸ்டருக்குப் போகின்றன. அமெரிக்காவில் நடிகர் சங்கம் 2008 முதல் கொடுக்கும் ஸ்டண்ட் விருது, ஒரு படத்தில் வேலை பார்த்த சண்டைக் குழு முழுவதற்கும் போகிறது. விழுந்தவர்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருக்கும்.